முகவரியைச் சொன்னதும் முகம் மாறுவது ஏன்? கண்ணகி நகரை முன்வைத்து ஒரு விளக்கம்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவர் கார்த்திகா, சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். அடுத்த சில நாட்கள் அந்தப் பெயர் செய்திகளில் வந்துகொண்டே இருந்தது, அதுவும் நல்ல காரணத்துக்காக. வாழ்த்துகளுக்கு நடுவே 'கண்ணகி நகரிலிருந்தா!' என்ற வியப்பும் சேர்ந்தே வந்தது. சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த வியப்பு ஏன் என்றே புரியவில்லை. சென்னைக்காரர்களுக்கோ விளக்கம் தேவைப்படவில்லை, அது ரவுடிகள் இருக்கும் 'மோசமான ஏரியா', ஏற்கெனவே தெரிந்த சங்கதி என்று நினைக்கிறார்கள். தெரிந்ததாக நினைப்பதில் எவ்வளவு சரி, எவ்வளவு கேள்விப்பட்ட கதை என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

கண்ணகி நகர் என்பது என்ன?

பழைய மகாபலிபுரம் சாலையில், ஒக்கியம் துரைப்பாக்கத்தை ஒட்டி, நகரின் மையத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தெற்கே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் இங்கே 15,656 வீடுகளைக் கட்டியது. ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடியை ஒட்டியவை. வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தாலே 60,000 பேருக்கு மேல் வரும். அதாவது, நாம் 'ஒரு ஏரியா' என்று சொல்வது ஒரு சின்ன நகராட்சி அளவுக்கான ஜனத்தை.

கொஞ்சம் தள்ளிப் போனால் செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள், பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களில் 23,864 வீடுகள். மூன்றையும் கூட்டினால் 46,000-க்கு மேல். எல்லாமே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதி, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதற்குப் பெயர் போன இடம்.

இங்கே இருப்பவர்கள் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் இல்லை. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகள், சாலையோரம், கடற்கரைக் குப்பம் என்று நகரின் பல மூலைகளிலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். பெரும்பகுதியினர் பட்டியல் சாதியினர். மீனவர்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள், பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைகளும் இருக்கிறார்கள்.

இந்தப் பேச்சில் அடிக்கடி வரும் இரண்டு சொற்களை இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வோம்.

'மறுகுடியமர்வு' என்பது, ஒரு இடத்தில் வீட்டை இடித்துவிட்டு இன்னொரு இடத்தில் வீடு ஒதுக்குவது.

'ஆட்சேபகரமான புறம்போக்கு' என்பது, நீர்நிலை, சாலை போன்ற பொது உபயோகத்துக்கான அரசு நிலம். அங்கே எத்தனை வருஷம் குடியிருந்தாலும் சாதாரணமாகப் பட்டா கிடைக்காது. கால்வாய்க் கரையில் குடிசை போட்டவர் இந்தக் கணக்கில் ஆக்கிரமிப்பாளர். அதே பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் நட்டு ஓடுகிற பறக்கும் ரயிலை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழைகள் எல்லாரும் ஒரே இடத்தில் சேர்ந்தது எப்படி?

'அவங்க ஆளுங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்துக்கறாங்க' என்பது பொதுவாகக் காதில் விழும் விளக்கம். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது.

1. குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைந்தது. 1971-இல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. அன்றைய போக்கு, இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது. நகருக்குள் கடற்கரையோரம் இன்றும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் அந்தக் காலத்தவை. சட்டப்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்தால் அங்கிருப்பவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. நினைத்த மாத்திரத்தில் காலி செய்ய முடியாது. 1971-இல் 1,202 பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டன. 1985-இல் இன்னும் 17 சேர்ந்தன. அதோடு சரி. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாகப் பட்டியல் நீளவில்லை, நகரம் மட்டும் நீண்டது.

2. 1977 முதல் உலக வங்கிக் கடனில் வேறொரு முறை வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சாலை, தண்ணீர், கழிவுநீர் இணைப்போடு மனைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏழைகளுக்குச் சின்ன மனை, வசதி உள்ளவர்களுக்குப் பெரிய மனை, எல்லாம் ஒரே இடத்தில் கலந்து. இன்றைக்கு அந்தத் தெருக்களில் நடந்தால் எது 'திட்டப் பகுதி' என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

3. தொண்ணூறுகளின் இறுதியில் போக்கு மாறியது. நகருக்குள் நிலத்தின் விலை ஏறியது, ஆற்றோரத்தைச் சீரமைக்கும் திட்டங்கள் வந்தன. ஏழைகளுக்கான வீடுகள் மொத்தமாகப் புறநகருக்குப் போயின. 2005-இல் தொடங்கிய மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்ட நிதி வந்ததும் பெரும்பாக்கம் போன்ற ராட்சதக் குடியிருப்புகள் சாத்தியமாயின.

4. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளைக் காலி செய்யும் வேகம் கூடியது. தீவுத்திடலை அடுத்த சத்தியவாணி முத்து நகரில் 2019 டிசம்பர் கடைசியில், கல்வியாண்டின் நடுவில், வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பாதிப் படிப்பில் பெரும்பாக்கம் போனார்கள்.

இந்த நான்கில் முக்கியமானது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம். ஏழைகளுக்கு வீடு கொடுப்பது தானாகவே ஒரு 'மோசமான ஏரியாவை' உண்டாக்கிவிடாது. கண்ணகி நகரில் வீடு பெறுவதற்குத் தகுதி, வறுமையும் வெளியேற்றமும். வேறு யாரும் உள்ளே வர வழியே இல்லாதபடி வடிகட்டிச் சேர்த்தது அரசின் திட்டம். ஊரைப் பிரித்துச் சேரியைத் தள்ளி வைத்த பழைய வரைபடத்தை இது பெரிய அளவில், அரசுப் பணத்தில் மறுபடி வரைந்தது என்பது என் கணிப்பு.

தூரம் என்றால் என்ன என்று கிட்டே போய்ப் பார்த்தால்

மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முன்பு பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தபோது காலை ஆறு மணிக்கு நடந்தே முதல் வீட்டுக்குப் போவார். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்குத் திரும்பி வந்து சோறு கட்டிக் கொடுப்பார், மறுபடி போவார். வேலை நேரம் துண்டு துண்டாக இருக்கலாம், ஏனென்றால் வீடு பக்கத்தில். கண்ணகி நகருக்கு வந்ததும் அந்த ஏற்பாடு உடைகிறது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்றால் நடுவில் வீட்டுக்கு வர முடியாது. நாலு வீடு இரண்டாகும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அது காசைத்தான் மிச்சம் பிடிக்கிறது, நேரத்தை இல்லை. பிள்ளை பள்ளி விட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்காது. 'பெத்தவங்க கண்டுக்கறதில்ல, பசங்க தெருவில் சுத்துது' என்கிறார்களே, அதில் பாதி இந்தப் பேருந்து நேரம்.

அப்புறம், பழைய இடத்தில் இருந்த மளிகைக் கடைக் கடன், சீட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆயா. வீடு பல இடங்களில் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டதால் பக்கத்து வீட்டுக்காரரும் மாறிவிட்டார். ஒருவரை ஒருவர் தெரியாத ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒரே மாதிரிக் கட்டடங்களில் அடுக்கினால், தெருப் பிள்ளை தப்பு செய்யும்போது 'டேய், உங்க அப்பாகிட்ட சொல்றேன்' என்று அதட்டக்கூட ஆள் கிடைக்காது.

'அங்கே எல்லாம் ரவுடிகள்': குற்றக் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

குற்றமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கஞ்சா விற்பனை உண்டு, கோஷ்டிச் சண்டை உண்டு, அதில் முதலில் அடிபடுவது அங்கேயே குடியிருப்பவர்கள். கேள்வி வேறு: 'கண்ணகி நகரில் குற்றம் நடக்கிறது' என்பதிலிருந்து 'கண்ணகி நகர்க்காரர் குற்றவாளி' என்ற இடத்துக்கு எப்படித் தாவுகிறோம்?

1. முதலில் அளவு. பேச்சுக்கு, 60,000 பேரில் 300 பேர் மீது காவல் நிலையத்தில் வழக்கு இருக்கிறது என்று வைப்போம் (உண்மைக் கணக்கு இல்லை, விளக்கத்துக்கான எண்). 300 பேர் என்றால் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அது இருநூறு பேரில் ஒருவர். வேலை கேட்டு வரும் பையன் மீதி 199 பேரில் ஒருவனாக இருக்கத்தான் எல்லா வாய்ப்பும். ஒரு கூட்டத்தில் சிலருடைய செயலை அந்தக் கூட்டத்தின் ஒவ்வொருவர் தலையிலும் ஏற்றும் பிழை இது.

2. அடுத்து, எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் மாநில வாரியாகவும், 19 பெருநகரங்கள் வாரியாகவும் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. நகருக்குள் எந்தக் குடியிருப்பில் எவ்வளவு என்று அதில் இருக்காது. ஆகவே 'சென்னையிலேயே இங்கேதான் அதிகம்' என்று அடித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் கையில் கணக்கு வைத்துக்கொண்டு சொல்வதில்லை, செய்தியில் படித்த ஞாபகத்தை வைத்துச் சொல்கிறார்கள்.

3. செய்தி எப்படி எழுதப்படுகிறது என்று கவனியுங்கள். செயின் பறிப்பில் பிடிபட்டால் 'கண்ணகி நகர் வாலிபர் கைது'. கோடிக்கணக்கில் நிதி மோசடி செய்தவர் பிடிபட்டால் தலைப்பில் நிறுவனத்தின் பெயர் வரும். அவர் குடியிருக்கும் நகரின் பெயர் வந்தாலும் எட்டாவது வரியில் வரும், அந்த நகர்வாசிகள் யாருக்கும் அதனால் கெட்ட பெயர் இல்லை.

4. வழக்கு எப்படிப் பதிவாகிறது என்பதும் உண்டு. எல்லா வழக்கும் யாரோ கொடுத்த புகாரின் பேரில் வருவதில்லை. காவல்துறை தானாகவே முன்னெச்சரிக்கையாக எடுக்கும் நடவடிக்கைகள் தனி வகை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110 பிரிவுகள் (புதிய சட்டத்தில் 128, 129) சந்தேகத்துக்கு இடமாக ஒளிந்து நடமாடுபவர், வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று கருதப்படுபவரிடம் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்க வழி செய்கின்றன. மக்கள் மொழியில் 'சந்தேகக் கேஸ்'. போலீஸ் அதிகம் சுற்றும் இடத்தில் இவை அதிகம் பதிவாகும். அதிகம் பதிவானதால் அந்த இடம் மோசம் என்று தெரியும். மோசம் என்பதால் இன்னும் அதிகம் சுற்றுவார்கள். ஒருவர் பெயர் காவல் நிலையத்து ஹிஸ்டரி ஷீட்டில் (தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர்களின் பதிவேடு) ஏறிவிட்டால், பண்டிகைக்கு, தலைவர் வருகைக்கு என்று ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டுவார்கள். அவர் திருந்தி ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாலும்.

ஓர் இனத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்த 1871-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1911-இல் விரிந்தது, இங்கே 1947-இல் ஒழிந்தது. சட்டம் போய்விட்டது. யார் எங்கே பிறந்தார் என்பதை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் போக இன்னும் காலம் ஆகும்போல.

'ஓசி வீடு' பற்றிய மூன்று பேச்சுகள்

முதலாவது, இலவசமாகக் கொடுத்தார்கள் என்பது. கண்ணகி நகரின் வீடுகள் மாதத் தவணைக்கு ஒதுக்கப்பட்டவை. தவணை முடிந்த பிறகுதான் கிரயப் பத்திரம். அதுவரை கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டும். அதை வைத்து வங்கியில் அடமானக் கடன் வாங்க முடியாது.

இரண்டாவது, விற்றுவிட்டுப் பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறார்கள் என்பது. விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள், உண்மை. ஏன் என்பதற்கு மேலே சொன்ன பேருந்துக் கணக்கே பதில். கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து நகருக்குள் விற்பவருக்கும், விடியற்காலை கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவருக்கும் வீட்டைவிட வேலை பக்கத்தில் இருப்பது முக்கியம்.

மூன்றாவதுதான் விஷமமானது: நல்ல வீட்டைக் கொடுத்தாலும் நாசம் பண்ணிவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புத்தம் புதிய அடுக்குமாடிக் கட்டடம். குடியேறிய கையோடு சுவரை விரலால் சுரண்டினால் பூச்சு மண்ணாக உதிர்ந்தது. அந்தக் காணொளிகள் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடின, ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். அந்தக் காட்சி வெளிவராமல் ஐந்து வருஷம் கழித்து யாராவது அந்தச் சுவரைப் பார்த்திருந்தால், குற்றம் யார் மேல் விழுந்திருக்கும்? எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி நின்றால் அதே கதைதான். தனியார் அடுக்ககத்தில் நின்றால் பராமரிப்பு நிறுவனத்தைத் திட்டுவோம்.

'நெகட்டிவ் ஏரியா'

கடன் கொடுக்கும் துறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். வசூல் சிரமம் என்று கருதும் பகுதிகளைப் பட்டியல் போட்டு, அந்த முகவரியிலிருந்து வரும் விண்ணப்பத்தை ஆளைப் பார்க்காமலே ஒதுக்குவது. நாட்டில் முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006-இல் தந்த அறிக்கை, முஸ்லிம்கள் செறிந்து வாழும் சில பகுதிகளை வங்கிகள் 'நெகட்டிவ்' அல்லது 'சிவப்பு' மண்டலமாக ஒதுக்குவதைப் பதிவு செய்திருக்கிறது.

அமெரிக்காவில் 1930-களில் இதை வரைபடமாகவே போட்டார்கள். அரசு வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களை நான்கு தரமாகப் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் கிட்டத்தட்ட எல்லாமே கடைசித் தரமான சிவப்பு. கடன் இல்லாததால் வீடு பழுதடைந்தது, மதிப்பு இறங்கியது. இறங்கிய மதிப்பைக் காட்டி, 'பார்த்தீர்களா, அந்த மக்கள் வந்தால் இப்படித்தான்' என்றார்கள். 1968-இல்தான் வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் அங்கே வந்தது.

கண்ணகி நகர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பயோடேட்டாவில் 'துரைப்பாக்கம், சென்னை 600097' என்று எழுதுவது. இரண்டுக்கும் ஒரே பின்கோடு, கடிதம் வந்து சேர்ந்துவிடும். சிக்கல், வேலை உறுதியாகி ஆதார் நகல் கேட்கும்போது வரும்.

இது ஒரு நகரத்தின் கதை மட்டுமா?

2024-இல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், விசாரணையின்போது பெங்களூருவில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோரிப்பாளையாவைப் 'பாகிஸ்தான்' என்று குறிப்பிட்டார். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அவர் வருத்தம் தெரிவித்த பிறகு, செப்டம்பர் 25 அன்று, இந்திய மண்ணின் எந்தப் பகுதியையும் அப்படிச் சொல்லக் கூடாது என்று கூறி விசாரணையை முடித்துக்கொண்டது. அகமதாபாத்தின் ஜுஹாபுரா கதை கண்ணகி நகருக்கு இன்னும் நெருக்கம். 1973 சபர்மதி வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக, இந்துக்களும் முஸ்லிம்களுமாகக் குடியமர்த்தப்பட்ட இடத்தில் தொடங்கியது அது. அடுத்தடுத்த கலவரங்களில், குறிப்பாக 2002-க்குப் பிறகு, உயிருக்குப் பயந்த முஸ்லிம்கள் அங்கே குவிந்தார்கள். வசதி படைத்தவர்களும் வேறு இடத்தில் வீடு கிடைக்காமல் அங்கேதான் வந்தார்கள். இன்று கேட்டால், 'அவர்கள் தனியாக இருக்கவே விரும்புகிறார்கள்' என்பார்கள்.

விருப்பமா, கதவு அடைப்பா என்பதை அளந்த ஆய்வு உண்டு. பொருளியலாளர் சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் வாடகை வீடு கேட்டுப் பார்த்தார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. 2015-இல் வெளியான முடிவின்படி, தொலைபேசியில் கேட்டபோதே தலித் பெயருக்கு 18 சதவீதமும், முஸ்லிம் பெயருக்கு 31 சதவீதமும் நேரடி மறுப்பு. இன்னும் பலருக்கு அதிக வாடகை போன்ற நிபந்தனைகள். உயர்சாதிப் பெயருக்கு மறுப்பே இல்லை.

இன்னொரு ஆய்வு, பொருளியலாளர்கள் சாம் ஆஷர், பால் நோவோசாட் உள்ளிட்டோர் நாட்டின் 15 லட்சம் சிறு குடியிருப்புப் பகுதிகளை ஒப்பிட்டது. முஸ்லிம்களில் 26 சதவீதம் பேரும், பட்டியல் சாதியினரில் 17 சதவீதம் பேரும் தத்தம் மக்களே 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பகுதிகளில் வாழ்கிறார்கள். அத்தகைய பகுதிகளில் அரசுப் பள்ளி, மருத்துவமனை, குடிநீர், வடிகால் எல்லாமே குறைவு. இதில் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று: மாவட்ட அளவில் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. நிதி மாவட்டத்துக்குச் சரியாகத்தான் வருகிறது. நகருக்குள் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதில்தான் ஓரவஞ்சனை நடக்கிறது. மாவட்டச் சராசரியைக் காட்டி 'எல்லாருக்கும் சமமாகத்தான் செய்கிறோம்' என்று அதிகாரிகள் மனப்பூர்வமாகவே நம்பலாம்.

சாயம் பூசினால் போதுமா? சட்டம் என்ன சொல்கிறது?

2020-இல் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள், அதுவரை அங்கே கால் வைக்காதவர்கள் வந்தார்கள் என்ற அளவில் நல்லதுதான். 2021-இல் குடிசை மாற்று வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. பெயரும் சாயமும் வேண்டாம் என்றில்லை. ஆனால் கிரயப் பத்திரமும், நகருக்குள்ளேயே மறுகட்டுமானமும், நேரத்துக்கு வரும் பேருந்தும் செய்யும் வேலையை அவை செய்யாது.

சட்டத்தில் ஒரு விநோதம் இருக்கிறது. அரசியலமைப்பின் 16(2) பிரிவு, அரசு வேலையில் மதம், சாதி, பாலினம் ஆகியவற்றோடு 'வசிப்பிடம்' காரணமாகவும் பாகுபாடு கூடாது என்கிறது. அது அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனம் முகவரி பார்த்து ஒதுக்கினாலோ, வீட்டுக்காரர் பெயர் கேட்டு மறுத்தாலோ நேரடியாகத் தடுக்கும் தேசியச் சட்டம் இல்லை. ஒரே சமூகத்தவருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் செல்லும் என்றே சொன்னது.

கடன் விஷயத்தில் மட்டும் ஒரு சிறு பிடி இருக்கிறது. கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு வகுத்திருக்கும் நேர்மை நடைமுறை விதி. 'உங்க ஏரியாவுக்குக் கொடுக்கறதில்ல சார்' என்று கவுன்ட்டரில் சொல்வது சுலபம். அதையே கடிதத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட எந்த மேலாளரும் யோசிப்பார். வாய்வார்த்தையாக மறுத்தால், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுத்துக் காரணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.